மணலில் லோவா, ஹையா? வெள்ளாற்று மரபை முன்வைத்து ஒரு திறனாய்வு

திட்டக்குடிக்கும் எதிர்க்கரை அகரம்சீகூருக்கும் இடையே கிடக்கும் வெள்ளாற்று மணலே இவ்வாய்வின் களம். இக்கரை கடலூர் மாவட்டம், அக்கரை பெரம்பலூர் மாவட்டம். ஆகவே நடு ஆற்றில் புதைந்த ஜீப் எந்த மாவட்டத்து ஆய்வுப்பொருள் என்பதில் இரு கருத்துகள் உண்டு. இரண்டையும் பிற்சேர்க்கைக்குத் தள்ளிவிடுகிறேன். பிற்சேர்க்கையை யாரும் படிப்பதில்லை.

முன்னோடி ஆய்வுகள்: தொல்காப்பியம் நிலத்தை நான்காகப் பகுத்துவிட்டு, பாலைக்குத் தனி நிலம் தராமல் நகர்ந்துவிட்டது. நாற்சக்கர இயக்கத்தைப் பற்றியும் மௌனம். இந்த மௌனத்தை 300 பக்கத்துக்கு விரித்தெழுதி முனைவர் பட்டம் வாங்கிவிடலாம் என்பதை நம் பல்கலைக்கழகங்கள் அறியும். அடுத்த ஆதாரம் 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள். 2003-இல் சேர்ந்த 38-ஏ விதி, ஆற்று மணலை அரசு மட்டுமே அள்ளலாம் என்கிறது. எந்த கியரில் அள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. உரையாசிரியர் தேவைப்படும் இடம் இது.

இனி இலக்கணம். பிற்கால ஜீப்புகளின் இரண்டாவது லிவருக்கு நான்கு நிலைகள்.

இருசக்கர ஹை: கல்யாணத்துக்குப் போக.

நியூட்ரல்: எஞ்சின் உறுமும், வண்டி நகராது. துறைத்தலைவர்கள் பலர் ஓய்வுபெறும் வரை இந்நிலையிலேயே இருந்திருக்கிறார்கள்.

நாற்சக்கர ஹை, நாற்சக்கர லோ: சண்டை இங்கேதான். 1941-ஆம் வருட வில்லிஸ் ஜீப்பில் லோ போட்டால் பல்சக்கர விகிதம் 1.97. அதாவது இழுவை ஏறக்குறைய இரட்டிப்பு, வேகம் ஏறக்குறையப் பாதி. அந்த ஜீப்பின் வம்சத்தைத்தான் 1947 முதல் மகிந்திரா இங்கே கோத்துத் தந்தது. இரட்டிப்பு இழுவை என்றதும் லோ மரபினர் புல்லரித்துப் போகிறார்கள். மணலுக்குப் புல்லரிப்பதில்லை. லோ ஒன்றில் போட்டு மிதித்தால் வண்டி நகர்வதற்கு முன்பே சக்கரம் சுற்றிவிடும். சுற்றும் சக்கரம் மணலைப் பின்னால் வாரி இறைக்கும், தனக்கடியில் குழி பறிக்கும், அச்சில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை மணலில் உட்காரும் வரை விடாது. அதற்குப் பிறகு நான்கு சக்கரமும் சுற்றலாம், நாற்பதும் சுற்றலாம். ஹை மரபினரோ, வேகம் குறையாமல் போனால் புதையாது என்கிறார்கள். நீண்டு சமமாகக் கிடக்கும் இளமணலில் அது சரி. கரையேற்றத்தில் எஞ்சின் திணறி நின்றால் அவர்களும் திருதிருவென்று விழிப்பார்கள். அங்கே லோ ரெண்டோ மூன்றோதான் கைகொடுக்கும்.

இதை நேரில் உசாவ, களப்பணி மேற்கொள்ளப்பட்டது. தகவலாளி 3 (ஆண், டிராக்டர் ஓட்டுநர், பெயர் சொல்ல மறுத்தவர், டீ வாங்கிக் கொடுத்த பிறகும் மறுத்தவர்) கூறியதாவது: “காத்த எறக்காம கியர மட்டும் மாத்தி என்னா சார் பண்றது?”

இக்கூற்று ஆய்வையே முடித்துவிடும் அபாயம் இருந்ததால் அடிக்குறிப்பில் வைக்க எண்ணினேன். விஷயம் உண்மைதான். தார்ச்சாலையில் 30 பிஎஸ்ஐ-க்கு மேல் காற்றுள்ள டயரை 15, 18-க்கு இறக்கினால் அது நீளவாக்கில் படுத்து, பாரத்தைப் பரப்பி, மணல்மேல் மிதந்து போகும். நிறுத்தும்போது பிரேக் மிதிக்காமல் தானாக நிற்க விட வேண்டும்; மிதித்தால் டயருக்கு முன்னால் மணல் வரப்புக் கட்டிவிடும். காற்றிறக்கும் வித்தையை 1920-களின் பிற்பகுதியிலேயே ரால்ஃப் பாக்னால்ட் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி லிபியப் பாலைவனத்தில் செய்து பார்த்துவிட்டார். ஓட்டியது ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ. பின்சக்கர இயக்கம் மட்டும்; நாற்சக்கர லோவும் இல்லை, நாற்சக்கர ஹையும் இல்லை. பிறகு மணல் நகர்வதன் இயற்பியலை 1941-இல் நூலாக்கினார். அது இன்றும் மேற்கோளாகிறது. அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதினார். நம் கருத்தரங்குகளில் இம்முறை பின்பற்றப்படுவதில்லை. பதிவுக் கட்டணம் கட்டினால் போதும்.

இப்போது இக்கட்டுரையின் உயிர்நாடிக்கு வருகிறேன். நாற்சக்கர இயக்கம் என்பதே பிற்காலச் சரிவு. ஆற்றில் மணல் ஏற்றிய இரட்டை மாட்டு வண்டி எட்டுக்கால் இயக்கம் கொண்டது. மேலைநாட்டார் பாதி தூரத்தில் நின்றுவிட்டார்கள். எட்டுக் காலிலும் பிளவுபட்ட குளம்பு. மிதிக்கையில் விரியும், தூக்கையில் ஒடுங்கும். காற்று இறக்கும் வேலை அங்கே பிறவியிலேயே முடிந்துவிட்டது. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது இடத்து மாடு நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றி வைக்க, வலத்து மாடு வட்டம் போட்டு வரும்: இதுவே டிஃபரன்ஷியல். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டிச் சக்கரம் இழுபடுகிறதே தவிரத் தானாகச் சுற்றுவதில்லை. தானாகச் சுற்றாத சக்கரம் குழி பறிக்காது. இந்த ஒரு வரிக்காகவாவது எனக்கு நிதிநல்கை கிடைத்திருக்க வேண்டும்.

அப்படியானால் மாட்டுக்கு லோ எது, ஹை எது? வாலை முறுக்கினால் லோ (1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தை இவ்விடத்தில் ஒப்புநோக்குக). ஹைக்குச் சான்று வண்டிக்காரர் வாயிலேயே இருக்கிறது: “ஹை! ஹை!” ஆங்கிலேயர் இதைக் கேட்டுத்தான் தம் கியருக்குப் பெயர் வைத்தனர் என்று நிறுவ ஒரு வேர்ச்சொல் அறிஞருக்கு அரைநாள் போதும், இதைவிடக் குறைந்த சான்றில் கண்டங்களையே கடலிலிருந்து எழுப்பியிருக்கிறார்கள். ஹகரம் கிரந்தமாயிற்றே, “ஐ! ஐ!” என்றுதான் ஓட்ட வேண்டும் என்பது தனித்தமிழ் அணியின் நிலைப்பாடு. மாடுகள் இன்னும் உடன்படவில்லை.

இவ்வாய்வின் வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் முதலில் கேட்ட கேள்வி, எட்டுக்கால் இயக்கத்தில் ரிவர்ஸ் உண்டா என்பது. உண்டு. ஒருவர் முன்னால் நின்று மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நுகத்தடியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அதற்கும் சேர்த்துப் பயணப்படி உண்டா என்று அடுத்து அவர் கேட்டார். அது தம்முடைய பயணப்படி பற்றிய கேள்வி என்பது பிறகுதான் விளங்கியது.