திஸ் இஸ் எ பியூட்டிஃபுல் பிக்சர்

தெர்மாகோல் வெட்டத் தெரியாதவனுக்கு ஆங்கிலம் நடத்தும் யோக்கியதை இல்லை என்பது செயல்பாட்டுவழிக் கற்பித்தல் பயிற்சிக்குப் போன அன்றுதான் எனக்கு உறைத்தது. இருபது வருடமாக ஏமாற்றிச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். பயிற்சி நடத்திய கருத்தாளர் எங்களை வட்டமாக நிற்கவைத்துப் பந்தை எறிந்தார். பிடிப்பவர் ஒரு வினைச்சொல் சொல்ல வேண்டும். ஓய்வுபெற எட்டு மாதமே இருக்கும் டீச்சர் ஒருவர், மூட்டுவலிக்காரர், பந்தைத் தவறவிட்டு ‘ஃபால்’ என்றார். அன்று முழுக்க அர்த்தத்தோடு பேசப்பட்ட ஆங்கிலம் அது ஒன்றுதான். பிறகு, ‘மாணவனைப் பேச விடுங்கள்’ என்ற தலைப்பில் கருத்தாளர் இரண்டரை மணி நேரம் யாரையும் பேச விடாமல் பேசினார்.

பள்ளிக்குத் திரும்பியதும் வாட்ஸ்அப்பில் ஆதாரம் கேட்டார்கள். பாடம் நடத்தியதற்கு ஆதாரம் போட்டோ. பத்தாம் வகுப்பில் ‘த டையிங் டிடெக்டிவ்’ இருக்கிறது. இரண்டு பெஞ்சை ஒட்டிப்போட்டு ஒருவனைப் படுக்கவைத்தேன், ஹோம்ஸ். இன்னொருவன் கழுத்தில் ஸ்கிப்பிங் கயிறு, அது ஸ்டெதாஸ்கோப், வாட்சன். கிளிக். ‘எந்திரிடா, அடுத்த பீரியட் கணக்கு.’ ஒரு வசனம்கூட யாரும் பேசவில்லை; போட்டோவில் குரல் விழாதே. குழுவில் போட்டதும் கட்டைவிரல்கள் முளைத்தன. கதையில் ஹோம்ஸ் சாகப்போவது போல நடிப்பார். நான் பாடம் நடத்துவது போல.

இந்தக் கூத்து புதிதல்ல. 2012இல் எட்டாம் வகுப்பு வரைக்கும் முப்பருவ முறை வந்தபோது, ‘வளரறி அ’ என்று செயல்பாட்டுக்கு 20 மதிப்பெண் ஒதுக்கினார்கள். நல்ல யோசனைதான், சத்தியமாக. கொஞ்ச நாளிலேயே ஜெராக்ஸ் கடைக்காரர் அதைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். பிள்ளை படம் வாங்க, அம்மா வெட்ட, அக்கா ஒட்ட, நான் 20 போட்டேன்.

அதே பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ‘த லாஸ்ட் லெசன்’ இருக்கிறது. இனி உங்கள் மொழியில் பாடம் கிடையாது என்று ஓர் ஊருக்கு உத்தரவு வருகிற கதை. 1965இல் மொழிக்காகத் தீக்குளித்தவர்கள் இருந்த மண்ணில் இதை நடத்தச் சார்ட்டா வேண்டும்? ‘நம்ம ஊர்ல இப்படி உத்தரவு வந்தா என்னடா பண்ணுவ?’ என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நின்றால் போதும். தமிழில் சண்டையை ஆரம்பிப்பான், கோபம் ஏற ஏற ஆங்கிலத்தில் வார்த்தை தேடுவான். தேடட்டும் என்று விட எனக்குப் பீரியட் இல்லை. கைடில் இருந்த பத்தியை மனப்பாடம் செய்யவைத்தேன்.

பொதுத்தேர்வில் ஒரு படத்தைப் பார்த்துச் சொந்தமாக ஐந்து வாக்கியம் எழுத 5 மதிப்பெண். மெல்லக் கற்போருக்கு நாங்கள் கொடுக்கும் தாளில் அந்தச் சொந்தமும் அச்சாகியிருக்கிறது: ‘திஸ் இஸ் எ பியூட்டிஃபுல் பிக்சர். ஐ லைக் இட் வெரி மச்.’ எந்தப் படத்துக்கும் பொருந்தும். அரையாண்டில் வந்த படம், வெள்ளத்தில் மூழ்கிய தெரு. முப்பத்தோரு பேருக்கு அது பியூட்டிஃபுல். பிழையே இல்லை, முழு மதிப்பெண். ஒருத்தி மட்டும், எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது, அம்மா ரேஷன் அரிசியைப் பரணில் ஏற்றினார், நாய் எங்கே போனதோ தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். மூன்று வினைச்சொல் தப்பு, இரண்டு எழுத்துப்பிழை. 2 போட்டேன். மொத்தத்தில் 34இல் நின்றாள்.

தேர்ச்சி ஆய்வுக் கூட்டத்தில் அதிகாரி கேட்டார்: ‘அந்தப் பொண்ணுக்கு டெம்ப்ளேட் குடுக்கலையா சார்?’ பயிற்சிக்கான சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

மறுநாள் அவளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். பாதி எழுதியவள் நிமிர்ந்தாள்.

‘சார், வெள்ளம் வந்த படத்துக்கும் பியூட்டிஃபுல்னே எழுதணுமா?’

‘எழுதும்மா.’