அனுமதி இலவசம், ஆரவாரம் அவசியம்

கேள்வி: வெளிநாடுகளில் ஸ்பானிஷ் மொழியில் குழந்தைகள் நாடகம், ஓவியம், பாட்டு என்று ஒரு நாள் முழுக்கக் குடும்பத்தோடு இலவசமாகப் பார்க்கலாமாமே! எங்கள் ஊருக்கு இதெல்லாம் எப்போது வரும்?
- வாசகர், ஆலங்குளம், விருதுநகர் மாவட்டம்

பதில்: தானாக வராது, கூப்பிட்டால் வரும்!

ஸ்பெயினிலும் யாரோ இழுத்து வந்ததுதான். கவிஞர் லோர்கா 1923 ஜனவரி 6 அன்று, கிரனடாவில் தன் வீட்டிலேயே குழந்தைகளுக்காகப் பொம்மலாட்டம் நடத்தினார். 1932-இல் நீலச் சீருடை போட்ட மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, மேடையை லாரியில் ஏற்றி ஊர் ஊராகப் போனார். ஊர்ச் சதுக்கமே அரங்கம், டிக்கெட் கிடையாது.

நமக்கும் இது புதிதல்ல. கோயில் திருவிழாவில் பாய், தலையணையோடு போய் விடிய விடிய 'வள்ளி திருமணம்' பார்த்த ஊர்க்காரர்கள் நாம். அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள், 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்தே நாடக சபை நடத்தியவர். இன்று புதுச்சேரி வேலு சரவணனின் 'ஆழி' குழு, 'கடல் பூதம்' போன்ற நாடகங்களோடு பள்ளி பள்ளியாகப் போகிறது. அங்கே பிள்ளைகள் கையைக் கட்டி உட்கார வேண்டாம். கத்தலாம், பூதத்தோடு பேசலாம்.

உங்கள் பகுதியில் தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகளில் வேலை குறையும் நாட்களில் அப்பா, அம்மா வீட்டில் இருப்பார்கள்; இப்படி ஒரு குழுவை அப்போது கூப்பிடுங்கள். பள்ளி மைதானம் போதும், பந்தல்கூட வேண்டாம். ஊருக்கெல்லாம் வெடிச் சத்தம் செய்து அனுப்பும் மண்ணில், நம் பிள்ளைகளின் சிரிப்புச் சத்தமும் பலமாகக் கேட்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் முதலில் நீங்களே பேசுங்கள்!