ஹெட்மாஸ்டர் மருமவனுக்கு நாலு வார்த்தை

வாய்யா மருமவனே, உட்காரு. திண்ணை ஈரமா இருக்குது, அந்தக் கோணியை இழுத்துப் போட்டுக்கோ. ஹெட்மாஸ்டர் ஆனவங்க கோணியில உட்காரக் கூடாதுன்னு ஏதாவது ஜி.ஓ. வந்திருந்தா சொல்லு, பக்கத்து வீட்டுல நாற்காலி கேட்கிறேன்.

பள்ளிக்கூடத்தை அடியோட மாத்தப் போறியாமே? உங்க அம்மா வந்து பெருமையா சொல்லிட்டுப் போனா. ஃபைல் அட்டையில கொட்டை எழுத்துல 2047ன்னு போட்டிருக்கே. ஆந்திர சர்க்காருதான் 2024 டிசம்பர்ல ஸ்வர்ணாந்திரா 2047ன்னு புஸ்தகம் போட்டாங்க, சரி, அவங்களுக்கு அது தொழில். உனக்கு என்ன வந்தது? 2047ல நீ பென்ஷன் வாங்கிட்டு திருச்சானூர்ல உட்கார்ந்திருப்பே. எனக்குக் கருமாதி முடிஞ்சு, அதுக்கு வந்து சாப்பிட்டவங்களுக்கும் முடிஞ்சிருக்கும். அந்த வருஷத்தைக் காட்டிப் பேசினா யாரும் வந்து கணக்குக் கேட்க மாட்டாங்கங்கிறது உனக்கும் தெரிஞ்சுபோச்சு. பிழைச்சுக்குவே.

நான் எட்டாவதோட நிறுத்தின கடலைக்காய்க்காரன். இருந்தாலும் தாய்மாமன். சொல்றதைக் கேட்டுக்கோ.

முதல்ல, செவுத்துல பேர் எழுதறப்ப ஆயில் பெயின்ட் வாங்காதே. சாக்பீஸ்ல எழுது. 2019 நவம்பர் 14, நேரு பொறந்த நாள்ல, ‘மன படி நாடு-நேடு’ன்னு திட்டம் வந்தது. முதல் கட்டத்துல மட்டும் 15,715 பள்ளிக்கூடம். ஃபேனு, டியூப்லைட்டு, பெஞ்சு, பச்சை போர்டு, சுத்துச்சுவர். சும்மா சொல்லக் கூடாது, தண்ணி வர்ற கக்கூஸும் வந்தது. வயசுக்கு வந்த பொண்ணுங்க பள்ளிக்கூடத்தை விட்டு நின்னதுக்குப் பாதி காரணம் அது இல்லாததுதான். அதைக் கட்டினவனை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா 2024ல ஆட்சி மாறிச்சு, அதே செவுத்துக்கு ‘மன படி, மன பவிஷ்யத்து’ன்னு பேரு. நம்ம பள்ளி, நம்ம எதிர்காலமாம். அம்மாங்களுக்குக் கொடுக்கிற பணத்துக்கு அம்ம ஒடி போய் தல்லிக்கி வந்தனம் வந்தது. மத்தியான சாப்பாட்டுக்கு கோருமுத்த போய் டொக்கா சீதம்மா வந்தாங்க. புஸ்தகப் பைக்கு சர்வேபள்ளி ராதாகிருஷ்ணன் பேரு. பை மாறுது, பை மேல இருக்கிற பேரு மாறுது, தோள்ல மாட்டற பையன் அவனேதான். நம்ம ஊர்ல இந்த அஞ்சாறு வருஷத்துல நிஜமா முன்னுக்கு வந்தவன் பெயின்டர் ஒருத்தன்தான். மாடி கட்டிட்டான்.

ராதாகிருஷ்ணன்னு சொன்னதும் ஞாபகம் வருது. உன் ஃபைல்ல ஒரு வரி படிச்சேன். “இன்றைய மாணவர்கள் இன்னும் உருவாகாத வேலைகளுக்குத் தயாராக வேண்டும்.” ஏதோ நேத்து கண்டுபிடிச்ச மாதிரி அடிக்கோடு வேற. அந்த மனுஷன் திருத்தணியில பொறந்து, 1896லேருந்து 1900 வரைக்கும் நம்ம திருப்பதியில லுத்தரன் மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சார். 1962ல ஜனாதிபதி ஆனார். அவர் திருப்பதியில வாய்ப்பாடு ஒப்பிச்சப்ப ஜனாதிபதின்னு ஒரு வேலையே கிடையாது. அதுக்கு ஒரு நாடே கிடையாது. இல்லாத வேலைக்கு அந்த வாத்தியாருங்க எந்த ஃபைலை வெச்சுக்கிட்டுத் தயார் பண்ணாங்கன்னு விசாரிச்சு எனக்கும் சொல்லு. இப்ப இருக்கிற முதலமைச்சரும் சேஷாபுரத்துலயும் சந்திரகிரியிலயும் படிச்சவர்தான். அந்தக் காலத்துல டேப் ஏது?

டேப்புன்னதும் மூஞ்சி ஏன் சுருங்குது? அந்தக் கதை நான் சொல்லலேன்னா யார் சொல்றது? 2022 டிசம்பர் 21, அப்ப இருந்த முதலமைச்சர் பொறந்த நாள். எட்டாவது பிள்ளைங்களுக்கெல்லாம் டேப், உள்ள பைஜூஸ் கம்பெனி பாடம். எதிர்காலம் அதுலதான் இருக்குதுன்னாங்க. 2024 ஜூலையில அந்தக் கம்பெனி மேலயே திவால் வழக்கை கோர்ட்டு ஏத்துக்கிச்சு. எதிர்காலத்தைக் காட்ட வந்தவனுக்குத் தன் எதிர்காலம் தெரியல பாரு. எங்க தெருவுல ஒரு பையன் அந்த டேப்புல படம் பார்த்தே தெலுங்கு வசனம் அவ்வளவு சுத்தமாப் பேசறான். அதையும் கற்றல் அடைவுன்னு எழுதிக்கோ.

உங்க பொழப்பையும் நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். 2022 ஆகஸ்ட்ல மூஞ்சியைக் காட்டி வருகைப் பதிவு பண்ணச் சொன்னாங்க. காலையில ஒன்பது மணிக்கு நம்ம பந்துலுங்க, அதான் வாத்தியாருங்க, எல்லாம் சிக்னல் தேடி வேப்பமரத்தடியில போனைத் தூக்கிப் பிடிச்சு நின்னது, கிரகணம் பார்க்கிற மாதிரியே இருந்தது. அப்புறம் கக்கூஸைப் படம் எடுத்து அனுப்பு, சாப்பாட்டைப் படம் எடுத்து அனுப்பு. எம்.ஏ., பி.எட். படிச்ச மனுஷன் குனிஞ்சு கக்கூஸ் பேசினை நாலு கோணத்துல படம் எடுத்ததை இந்தக் கண்ணால பார்த்தேன். எந்தப் பிள்ளை வாசிக்குது, எது முழிக்குதுன்னு ஒருத்தனாவது படம் கேட்டானா? அதனால நீ விருது வாங்கணும்னா வழி சுலபம், நல்ல கேமரா வெச்ச போன் வாங்கு.

இங்கிலீஷ் சமாசாரமும் உன் ஃபைல்ல மூணாவது பக்கத்துல இருக்குது. 1639ல கடற்கரை ஓரம் கொஞ்சம் மணலை இங்கிலீஷ்காரனுக்கு எழுதிக் கொடுத்தது யாரு? நம்ம சந்திரகிரி ராஜாவுக்குக் கீழே இருந்த தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர்தான். அங்க கோட்டை கட்டி, மதராஸ் ஆச்சு. நம்ம கோட்டையில ராஜ மஹாலுக்கு டிக்கெட் வாங்கி உள்ள போறே. அவன் பாஷைக்கு நாம டிக்கெட் கேட்டதே இல்லை. 2019 நவம்பர்ல ஒண்ணாவதுலேருந்தே இங்கிலீஷ் மீடியம்னு உத்தரவு போட்டாங்க, 2020 ஏப்ரல்ல ஐகோர்ட்டு அதை ரத்து பண்ணிச்சு. நான் இங்கிலீஷ் வேணாம்னு சொல்லலை. கூலிக்காரன் பிள்ளைக்கும் அது வேணும்தான். ஆனா நம்ம தெருப் பிள்ளை வீட்டுல தமிழ் பேசி, கடையில தெலுங்கு பேசி, புஸ்தகத்துல இங்கிலீஷைப் பார்க்குது. நீ கேள்வி கேட்டா பதில் தெரிஞ்சும் சும்மா நிக்குது, எந்த பாஷையில சொன்னா அடி விழாதுன்னு யோசிக்குது. நீ ‘மௌனம், அடைவு இல்லை’ன்னு எழுதிட்டுப் போயிடறே. 1960 ஏப்ரல்ல திருத்தணி மதராஸ் பக்கம் போச்சு, நாம ஆந்திராப் பக்கம் நின்னுட்டோம். பிள்ளை என்ன பாவம் பண்ணிச்சு?

2022ல 117ன்னு ஒரு ஜி.ஓ. வந்ததே, மூணு, நாலு, அஞ்சாவதை ஹைஸ்கூலோட சேர்த்தாங்களே, அதைப் பத்தி நான் பேசல. 2025ல அதையே ரத்து பண்ணிட்டாங்க. போன பிள்ளைங்க திரும்பி வந்துச்சுங்க, போன பெஞ்சுங்க வரல. விடு.

இவ்வளவு சிரிக்கிறியே, இனிமே சிரிக்காம கேளு. என் காலத்துல ஒரு தடவை மதனப்பள்ளி மண்டிக்குத் தக்காளி லோடு ஏத்திக்கிட்டுப் போனேன். விலை படுத்துடுச்சு, விக்காம சுத்தினேன். ரிஷிவேலி தெரியுமில்ல, ஜே. கிருஷ்ணமூர்த்தி ஆரம்பிச்ச பள்ளிக்கூடம். அது பெரிய இடத்துப் பிள்ளைங்களுக்கு. ஆனா அவங்களே சுத்துப்பட்டுக் குக்கிராமங்கள்ல, ஆடு மேய்க்கிறவன் பிள்ளைங்களுக்காக, ஒத்தை அறைப் பள்ளிக்கூடங்கள் வெச்சாங்க. பத்மநாப ராவ், ரமான்னு புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர், 1980களோட கடைசியில ஆரம்பிச்சது. அதுல ஒண்ணுல நிழலுக்கு ஒதுங்கினேன்.

ஒரு பந்துலு. அஞ்சு கிளாஸ் பிள்ளைங்களும் ஒரே அறையில, பாய்ல வட்டம் வட்டமா. வகுப்புன்னே கிடையாது. செவுத்துல ஏணி மாதிரி ஒரு படம், படிக்குப் படி சின்னச் சின்னச் சித்திரம். ஏழெட்டு வயசுப் பொண்ணு ஒண்ணு எழுந்து வந்துச்சு. ஏணியில விரலை வெச்சு, தான் நிக்கிற படியைத் தேடிச்சு. அதே சித்திரம் போட்ட அட்டையைத் தட்டுலேருந்து எடுத்துக்கிச்சு. யாரையும் கேட்கல. முழங்கால் உயரத்துக்குச் செவுத்துல கறுப்புப் பட்டை அடிச்சிருந்தாங்க, அதுல குந்திக்கிட்டு எழுதிச்சு. தப்பாச்சு, பக்கத்துல இருந்த பெரிய பொண்ணு பாவாடை முனையால அழிச்சுட்டுக் காட்டிக் கொடுத்துச்சு. பந்துலு இன்னொரு மூலையில மூணு பிள்ளைங்களோட மட்டும் உட்கார்ந்திருந்தார். எழுத்துக் கூட்டவே வராத பிள்ளைங்க. நான் வாசல்ல நின்னதை அரை மணி நேரம் அவர் கவனிக்கவே இல்லை.

அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். “கடலைக்காய் பிடுங்கறப்ப பிள்ளைங்க பதினைஞ்சு நாள் வராதே, என்ன பண்ணுவீங்க?” சிரிச்சார். “திரும்பி வந்தா, விட்ட அட்டையை எடுத்துக்கும்”னார். மருமவனே, நான் எட்டாவதுல நின்னது எதனாலன்னு நினைக்கிறே? அறுவடைக்குப் போயிட்டு வந்தேன், வகுப்பு எங்கேயோ போயிடுச்சு, நான் பின்னாடி ஓடிப் பார்த்து நின்னுட்டேன்.

இப்ப ஏ.ஐ. வந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் வேகத்துல பாடம் சொல்லித் தருமாம், உன் ஃபைல்ல கடைசிப் பக்கம். அதை நம்ம பழைய சித்தூர் ஜில்லாவுல, கரன்ட் ஒழுங்கா வராத ஊர்ல, அட்டையை வெட்டி ஒட்டிச் செஞ்சு முடிச்சுட்டாங்க. ஜெர்மனியில ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துலேருந்து வந்து கத்துக்கிட்டுப் போனாங்க. நீ திருப்பதி ஹோட்டல்ல மூணு நாள் பயிற்சிக்குப் போயிட்டு வந்தியே, சாப்பாடு எப்படி?

அந்த அட்டை போன வழியையும் தெரிஞ்சுக்கோ. 1995 வாக்குல மைசூர் ஜில்லா ஹெக்கடதேவன கோட்டை தாலுக்காவுலேருந்து சில வாத்தியாருங்க ரிஷிவேலிக்கு வந்து பார்த்தாங்க. ஊருக்குப் போய், தங்க பிள்ளைங்களுக்குத் தகுந்த மாதிரி தாங்களே உட்கார்ந்து கன்னடத்துல எழுதினாங்க. நலி கலின்னு பேர். தமிழ்நாட்டுல எம்.பி. விஜயகுமார்னு ஒரு ஐ.ஏ.எஸ். சென்னை மாநகராட்சிக் கமிஷனரா இருந்தப்ப, வாத்தியாருங்களை ரிஷிவேலிக்கு அனுப்பிப் பார்க்க வெச்சு, 2003ல 13 பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்சார். செயல்வழிக் கற்றல். 2007ல மாநிலம் முழுக்க, 37,000க்கு மேல பள்ளிக்கூடம்.

அங்கதான் விஷயம் இருக்குது. திருத்தணிப் பக்கம் நம்ம சொந்தக்காரி ஒருத்தி டீச்சர். அவ சொல்லுவா, “மாமா, பார்த்துட்டு வந்தவங்க பள்ளியில அட்டை பேசிச்சு. ஆர்டர்ல வந்த பள்ளியில அட்டை பீரோவுல தூங்கிச்சு. ஏ.இ.ஓ. வர்ற அன்னிக்குப் பாய் விரிப்போம்”னு. கடலைச் செடி மேல தளதளன்னு இருக்கும், பிடுங்கினா வெறும் வேரு. அந்த மாதிரிதான். 13 எப்படி 37,000 ஆச்சுன்னு எல்லாரும் மெச்சறாங்க, 13ல இருந்தது 37,000ல ஏன் இல்லேன்னு நீ கேளு. பார்த்துட்டு வந்தவன் மனசுல தானே செய்யணும்னு ஒரு வேகம் வந்தது. உத்தரவுல அதை அனுப்ப முடியல.

அதனால நீ என்ன பண்ணு. உங்க பள்ளிக்கூடத்துல கணக்கு சார் ஒருத்தன் இருக்கானே, இருபது வருஷமா அதே இடம், எது சொன்னாலும் “இதெல்லாம் பார்த்தாச்சு சார்”ங்கிறவன். அவன் சொல்றது நிஜம். எல்லாத்தையும் பார்த்தவன் அவன்தான். உன் ஃபைலை அவன்கிட்ட காட்டாதே, கொட்டாவி விடுவான். ஆறாவதுல எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாதது எத்தனைன்னு அவனைக் கேளு. பேரோட சொல்லுவான், அப்பன் பேரோட சொல்லுவான். ஆனா இத்தனை வருஷத்துல அவனை யாரும் கேட்டதில்லை. அந்தப் பிள்ளைங்களுக்கு முதல் பத்து அட்டையை அவனே எழுதட்டும். இட்லி மாவு பாக்கெட் விலை, பஸ் போர்டு, சுவர்ணமுகியில தண்ணி எத்தனை நாள் ஓடுது, எதுவா இருந்தாலும் சரி. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ்ல ஒரு வரி கீழ எழுதினா குடி முழுகிடாது. எழுதினவன் பேரை அட்டையில போடு. உன் பேரைப் போடாதே, மருமவனே, கை அரிக்கும், பொறுத்துக்கோ.

எம்.இ.ஓ. வந்து “இது எந்த ஸ்கீம்”னு கேட்டா, “போன கவர்ன்மென்ட் ஸ்கீமும் இல்லை, இந்த கவர்ன்மென்ட் ஸ்கீமும் இல்லை சார்”னு சொல்லிடாதே, மெமோ வரும். இப்ப நடக்கிற ஸ்கீம் எதுவோ அந்தப் பேரைச் சொல்லு. எந்தப் பேரைச் சொன்னாலும் அவர் எழுதிக்குவார். ஆட்சி மாறினா அடுத்த பேரைச் சொல்லு. அட்டை எப்படியும் பேச்சு மாறாது.

அப்புறம் அந்த மெகா பெற்றோர் கூட்டம். 2024 டிசம்பர் 7, ஸ்டேட் முழுக்க ஒரே நாள்ல நடத்தினாங்களே. அம்மாங்களுக்குக் கோலப் போட்டி, அப்பாங்களுக்குக் கயிறு இழுக்கிற போட்டின்னு ரொம்ப நல்லா இருந்தது. அடுத்த தடவை பேச்சைக் குறைச்சுட்டு, அந்த ஆறாவது பிள்ளைங்களைத் தங்க ஆத்தா அப்பனுக்கு முன்னால ஒரு அட்டையை வாசிக்கச் சொல்லு. எழுத்து தெரியாத ஆத்தாவா இருந்தா இன்னும் நல்லது, தப்பைக் கண்டுபிடிக்க மாட்டா, அழுவா. என்னையும் கூப்பிடு, வர்றேன். கயிறு இழுக்க மட்டும் கூப்பிடாதே. எதிர்ப்பக்கம் கண்டிப்பா கணக்கு சார்தான் நிப்பான், அவனுக்கும் எனக்கும் கீழ் வரப்புல ஒண்ணரை முழம் தகராறு இன்னும் தீரல.