பட்டியலைக் காட்டு பேராண்டி

ஏலே பேராண்டி, 80,000 ரூவாய்க்குக் கம்ப்யூட்டர் கூட்டப் போறேன்னு பட்டியல் போட்டுக் கொண்டாந்திருக்க. ஒங்க அத்தை கலியாணத்துக்குக் கூட இம்புட்டு நேர்த்தியா நம்ம குடும்பத்துல எவனும் பட்டியல் போட்டதில்ல. மாடல் நீல மையில, விலை பச்சை மையில, சாமான் வந்து சேருத நாள் செவப்புல. எல்லாம் இருக்கு. என்ன வேலைக்குன்னு ஒரு வரி எழுதத்தான் மை பத்தாமப் போச்சு போல.

"கோடிங் படிக்கேன் தாத்தா"ங்க. சந்தோசம். பொறவு? "கொஞ்சம் வேலரன்ட் வெளாடுவேன்." அந்தக் கொஞ்சம் எம்புட்டுன்னு ஒங்க அம்மாட்டக் கேட்டுக்கிடுதேன். கோடிங் படிக்க இந்தப் பட்டியல்ல பாதி போதும். வேலரன்டோ, நோஞ்சான் மிஷின்லயும் ஓடணும்னே செஞ்ச வெளாட்டு. மிச்சப் பாதி யாருக்குய்யா? யூடியூப்ல ஒருத்தன் சொன்னாம்ங்க. அவனுக்கு அந்தச் சாமானைக் கம்பெனிக்காரன் ஓசியாக் குடுத்திருப்பான். ஓசிப் பந்தியில உக்காந்தவன் உப்பு கொறச்சல்னு சொல்லி நீ பாத்திருக்கியா?

என்னைய வெறும் திண்ணைக் கிழவன்னு நெனைச்சிராத. சங்கரன்கோவில்ல ரேடியோ, டிவி ரிப்பேர்க் கடை வச்சிருந்தவன். டிரான்சிஸ்டரும் கப்பாசிட்டரும் வாங்க மெட்ராஸ் ரிச்சி தெருவுக்குப் போயிட்டு வந்தவன். இப்ப அங்கன அதே சந்துல கிராபிக்ஸ் கார்டு விக்கான். சாமான்தான் மாறியிருக்கு, யாவாரி பேச்சு மாறல.

சரி, மொத வரி. கேபினெட். முன்னால கண்ணாடி, பக்கத்துல கண்ணாடி, ஆறு ஃபேனு, ஆறுலயும் கலர் லைட்டு. நம்ம மாரியம்மன் கொடைக்குப் போடுத சீரியல் செட்டு மாதிரி ஜோராத்தான் இருக்கும், நான் வேண்டாங்கல. ஒரே ஒரு சந்தேகம். முன்பக்கத்தை முழுசாக் கண்ணாடியால அடைச்சுட்டா, அந்த ஆறு ஃபேனும் காத்தை எங்கன இருந்து இழுக்கும்? அக்கினி நட்சத்திரத்துல ஒன் மாடி ரூமுல மனுசனே வேகுதான். முன்பக்கம் கம்பி வலை வச்ச கேபினெட்டு இதைவிட விலை கொறச்சலாவே கெடைக்கும், காத்தும் போகும். தூசியும் கூடத்தான் போகும். மாசம் ஒருக்கா பிரஷ் எடுத்துத் தட்டு. லைட்டைப் பாத்துக்கிட்டு இருக்க நேரம் இருந்தா தட்டவும் நேரம் இருக்கும்.

ரெண்டாவது வரி: "எஸ்எம்பிஎஸ் 450 வாட், கேபினெட்டோட இலவசம்." இந்த வரியைப் படிச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. உள்ள இருக்க அம்புட்டு சாமானுக்கும் கஞ்சி ஊத்தப் போறவன் அவன் ஒருத்தன்தான். அவனைப் போயி இலவசமா வாங்குதியே, என்ன சிக்கனம்!

நம்ம வீட்டுப் பழைய பெட்டியில இருந்து கழத்துனது ஒண்ணு பரண்ல கெடந்துச்சு, இந்தா பிடி. கையில எடை தெரியுதா? தெரியாது, உள்ள ஒண்ணும் இல்ல. மேல பெரிய எழுத்துல 450-ன்னு போட்டிருக்கான். கீழ பொடி எழுத்துல ஒரு கட்டம் இருக்கும், என் கண்ணாடியைப் போட்டுப் படி. 12 வோல்ட்டுக்கு நேரா என்ன எழுதியிருக்கு? 14 ஆம்பியர். பெருக்கு. 168 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிக்கது இந்த 12 வோல்ட்டுல இருந்துதான். நீ எழுதியிருக்க ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு மட்டும் 145 வாட் கேக்கும். மிச்சம் 23 வாட்டை பிராசஸரும் ஃபேனும் ஒன் ஆறு கலர் லைட்டும் பங்கு வச்சுக்கிடணும். கார்டைச் செஞ்ச என்விடியாக்காரனே 550 வாட் எஸ்எம்பிஎஸ் வையின்னு சொல்லுதான். அப்போ மூடியில போட்ட 450 எங்கன இருந்து வந்துச்சுங்க? 3.3 வோல்ட்டு, 5 வோல்ட்டு எல்லாத்தையும் கூட்டி, அதோட அச்சடிச்சவன் மனசுல தோணுன ஒரு நம்பரையும் கூட்டுனது. நல்ல 550 வாட் பெட்டியில 12 வோல்ட்டுக்கு நேரா 45 ஆம்பியர் பக்கம் இருக்கும். கடையில மூடியைப் பாக்காத, கட்டத்தைப் பாரு.

"80 பிளஸ் வெண்கலம்னு போட்டிருந்தா போதும்லா தாத்தா"ம்ப. அது, கரண்டை எம்புட்டு வீணாக்காமக் குடுக்குதுங்கிற கணக்கு. எத்தனை வருசம் தாங்கும்னு அவன் சத்தியம் பண்ணல. வாரண்டி எத்தனை வருசம் குடுக்கான்னு பாரு. அஞ்சு வருசத்துக்குக் கையெழுத்துப் போடுதவன் கொஞ்சம் யோசிச்சுத்தான் செஞ்சிருப்பான்.

இதோட சேத்து ஒன் பட்டியல்ல இல்லாத ஒரு சாமானைச் சொல்லுதேன். எர்த்து. சிரிக்காதலே. ஒங்க சித்தப்பன் வீட்டுல கேபினெட்டைத் தொட்டா சுள்ளுன்னு இழுக்கும்லா? அவன் எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போச்சுன்னு புதுசு மாத்துனான். புதுசும் இழுத்துச்சு. கம்பெனியே சரியில்லன்னு வேற கம்பெனி மாத்துனான். அதுவும் இழுத்துச்சு. கெட்டது அது இல்ல. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள கரண்டு நுழையுத வாசல்லயே இரைச்சலை வடிகட்ட ரெண்டு பொடிக் கப்பாசிட்டர் வச்சிருப்பான். ஒண்ணு பேஸ்ல இருந்து பாடிக்கு, இன்னொண்ணு நியூட்ரல்ல இருந்து பாடிக்கு. எர்த்து கம்பி இருந்தா அந்தப் பொட்டுக் கசிவு மண்ணுக்குள்ள போயிரும். இல்லைன்னா 230-ல பாதி, 115 வோல்ட்டு சுமாரு, பாடியிலேயே நிக்கும். டெஸ்டரை வச்சா மினுக்கு மினுக்குன்னு எரியும். ஆளை அடிச்சுப் போடுத அளவுக்கு அதுல கரண்டு கெடையாது. ஆனா யுஎஸ்பி சாமானைச் சொருகையில கெடுத்துப்புடலாம். சுள்ளுன்னு இல்லாம, ஆளைப் பிடிச்சு இழுத்தா அது வேற வியாதி. மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் பேசணும்.

நம்ம வீட்டுப் பிளக் பாயிண்ட்டுல மேல பெரிய ஓட்டை இருக்கு. அதுக்குப் பின்னால கம்பி இருக்கான்னு வீடு கட்டுன நாள்ல இருந்து எவனும் பாக்கல. பல வீட்டுல அந்த ஓட்டை அழகுக்குத்தான். எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல ஒரு குண்டு பல்பைப் போட்டுப் பாக்கச் சொல்லு. பளிச்சுன்னு எரியலைன்னா எர்த்து சரியில்ல, குழியைத் தோண்ட வேண்டியதுதான். கரியும் உப்பும் போட்டு, கோடையில ரெண்டு கொடம் தண்ணி ஊத்தணும். கிராபிக்ஸ் கார்டு விலையில கால்வாசி கூட ஆகாது. என்ன, அதை வீடியோ எடுத்துப் போட்டா எவனும் லைக் போட மாட்டான்.

யுபிஎஸ்ஸையும் சொல்லிருதேன். இது தறி ஓடுத ஊரு. தெருவுல எல்லாத் தறியும் ஓடுத நேரத்துல வோல்ட்டேஜ் படுத்து எந்திரிக்கும். 600 விஏன்னு போட்டதை 600 வாட்டுன்னு நெனைச்சு வாங்கிட்டு வந்துராத. அது பெரும்பாலும் 360 வாட்தான். கார்டு போட்ட மிஷினுக்கு 1000 விஏ பக்கம் வாங்கு. அதை வச்சு ராத்திரி முழுக்க வெளாடலாம்னு கணக்குப் போடாத. எழுதுனதைச் சேவ் பண்ணிட்டு ஒழுங்கா அணைக்கத்தான் அது.

இனி பிராசஸர். ரைசன் 5 7600-ன்னு எழுதியிருக்க. நல்லாத்தான் எழுதியிருக்க, அதுல நான் வாயைத் தொறக்கல. அதுக்கு நேர் கீழ "ரேம் டிடிஆர்4"ன்னு எழுதியிருக்கியே, அங்கனதான் ஒன் படிப்பு தெரியுது. 7600 உக்காருத ஏஎம்5 சாக்கெட்டுக்கு டிடிஆர்5 ரேம் மட்டுந்தான் ஆகும். டிடிஆர்4-ல பள்ளம் வேற எடத்துல இருக்கும், சொருகுனா உள்ள போகாது. அழுத்திச் சொருகிப்புட்டேன்னு நீ சொன்னா, ரேம் ஒடைஞ்சிருச்சுன்னு அர்த்தம்.

சாக்கெட்டைக் கவனிக்கணும்னு நான் சொல்லுதது இதுக்குத்தான். 2016-ல வந்த ஏஎம்4 சாக்கெட்டுக்கு 2024-லயும் ஏஎம்டிக்காரன் புதுப் பிராசஸர் விட்டான். பழைய போர்டு வச்சிருந்தவன் பயாஸை அப்டேட் பண்ணிட்டு மேல மேல மாத்திக்கிட்டான். இன்டெல்காரன் 2021-ல எல்ஜிஏ 1700 கொண்டாந்தான், 2024-ல எல்ஜிஏ 1851-ன்னு மாத்திப்புட்டான். ஏஎம்5 வந்தது 2022-ல, அதனால நீ எழுதுன போர்டுக்கு இன்னும் ஆயுசு இருக்கு. யோசிச்சுத்தான் எழுதுனியா, வாய்ச்சுதான்னு நான் கேக்கல.

கடைக்காரன் சும்மா இருக்க மாட்டான். "7600 ஸ்டாக் இல்ல தம்பி, 7500எஃப் இருக்கு, அதே சாமான், விலையும் கொறவு"ம்பான். வேகத்துல ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான். ஆனா அந்த எஃப் இருக்கே, படம் காட்டுத சமாச்சாரத்தை உள்ள வைக்கலைங்கிறதுக்கு அடையாளம். தனி கார்டு இல்லாம மானிட்டர்ல ஒண்ணும் வராது. 7600-ல அது கொஞ்சமா உள்ளேயே இருக்கு. ஏன் இதைச் சொல்லுதேன்னு பொறவு தெரியும்.

ஒன் சேக்காளி ஒருத்தன் ஐ7 கம்ப்யூட்டர் சல்லிசா வருது, அதையே வாங்கிருன்னு சொன்னானாமே. என்ன ஐ7-னு கேட்டியா? 3770. அது 2012-ல வந்தது. 2022-ல வந்த ஐ3 12100 அதைத் தூக்கிச் சாப்பிட்டுரும். 7-ங்கிறது குடும்பப் பேரு, அதுக்குப் பின்னால வார நம்பர்தான் பொறந்த வருசம். எட்டாந் தலைமுறைக்கு முந்தின இன்டெல்லுக்குப் பெரும்பாலும் விண்டோஸ் 11 முறைப்படி கெடையாது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாப்ட் முழுக்குப் போட்டாச்சு. ஒன் சேக்காளிக்கு இதெல்லாம் தெரியாதுன்னா நெனைக்க? தெரிஞ்சதாலதான் விக்கான்.

அதுக்காகப் பழைய மிஷின் எல்லாம் குப்பைன்னு சொல்லல. ஒங்க அம்மா தையல் கடைக் கணக்குப் பாக்குதாளே, அந்தப் பெட்டியைத் திறக்கதுக்குள்ள அவ ஒரு ரவிக்கை தச்சு முடிச்சிருதா. அதுல ஓடுதது பழைய சுத்துத டிஸ்க்கு. நொடிக்கு 150 எம்பி தந்தாலே பெருசு. ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கி மாட்டுனா 550 வரைக்கும் போகும், பெட்டி கண்ணு முழிக்கதுக்கு அரை நிமிசம் ஆகாது. லினக்ஸ் மின்டைப் போட்டுக் குடு, கணக்குக்கு அது போதும். ஒனக்குப் புதுசு கூட்டுதது பெருமை. அவளுக்கு இதைச் செஞ்சு குடுத்தா சோறு.

ரேம் விலை 2025 கடைசியில இருந்து ஏறிக் கெடக்கு. செயற்கை நுண்ணறிவுக்கு டேட்டா சென்டர் கட்டுதவன்லாம் சிப்பை அள்ளிட்டுப் போறான், ஒனக்கும் எனக்கும் மிச்சம் மீதிதான். அதனால 32 ஜிபி கனவை இப்ப மூட்டை கட்டு. 8, 8-ஆ ஜோடி போடு. நாலு ஸ்லாட் இருக்க போர்டுல பிராசஸர் பக்கம் இருந்து எண்ணி ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் சொருகு. பயாஸுக்குள்ள போயி எக்ஸ்போவை ஆன் பண்ணு, இல்லைன்னா பெட்டியில போட்ட வேகத்துக்கு ஓடாது.

கிராபிக்ஸ் கார்டுக்கு வாரேன். பழசு வாங்கலாமான்னு கேட்ட. 2022 செப்டம்பர்ல எத்தீரியம் மைனிங் நின்னதும், ராப்பகலா ஓடுன கார்டெல்லாம் கழுவித் தொடைச்சுச் சந்தைக்கு வந்துச்சு. இன்னும் சிலதுல பழைய சிப்புக்குப் புதுப் பேரு எழுதி பயாஸையே மாத்தி விப்பான். விண்டோஸ் அந்தப் பேரை அப்படியே நம்பும். ஜிபியு-இசட்டுன்னு ஒரு சின்ன புரோகிராம் இருக்கு, அது நம்பாது. ஆக, பழசு வாங்குனா ஆளு முன்னால ஓட்டிப் பாத்துட்டு வாங்கு.

ஆனா நான் சொல்லுதது வேற. இப்ப கார்டே வாங்காத. மூஞ்சியைத் தூக்காதலே, கேளு. 7600-ல உள்ள இருக்கதை வச்சுக் கோடிங் தாராளமா ஓடும், வேலரன்டும் அமைப்பைக் கொறச்சு வச்சா ஓடும். கார்டுக்குன்னு வச்ச துட்டுல 650 வாட் நல்ல எஸ்எம்பிஎஸ், ஐபிஎஸ் மானிட்டர், யுபிஎஸ், எர்த்து குழி எல்லாம் முடிஞ்சிரும். மானிட்டருக்கு "மிச்சம் இருந்தா"ன்னு எழுதியிருக்கியே, நாள் முழுக்க நீ பாக்கப் போறது அதைத்தானேலே, பிராசஸரையா பாக்கப் போற? மொத செமஸ்டர்ல அரியர் இல்லாம வா, கார்டுக்கு நான் துட்டு தாரேன். அரியர் வச்சா கார்டு துட்டு எங்கிட்டயே பத்திரமா இருக்கும்.

மாட்டுதப்ப ரெண்டே விசயம். ஏஎம்5-ல ஊசியெல்லாம் போர்டுல இருக்கும், 1718 ஊசி. பிராசஸரை மேல இருந்து நேரா வை, தேய்க்காத. ஒரு ஊசி வளைஞ்சா வாரண்டிக்காரன் கையை விரிச்சிருவான். தனியாக் கூலர் வாங்குனா அடியில ஒட்டியிருக்க பிளாஸ்டிக் தாளை உரிச்சுட்டு மாட்டு. உரிக்காம மாட்டிட்டு, சூடாகுது சூடாகுதுன்னு பொலம்புதவன் ஊருக்கு ஒருத்தன் இருக்கான். அப்புறம், நாளைக்குக் கார்டு வாங்குன பொறவு எச்டிஎம்ஐ வயரைக் கார்டுலதான் சொருகணும், போர்டுல இல்ல.

ரிச்சி தெருவுல நாலு கடை ஏறி இறங்கு. "பில்லு வேண்டாம்னா கொறைச்சுத் தாரேன்"னு ஒருத்தன் கூப்பிடுவான். அவன் கொறைக்கது 18 சதவீத வரியை இல்ல, ஒன் வாரண்டியை. ஒவ்வொரு சாமானுக்கும் சீரியல் நம்பர் போட்ட பில்லு வாங்கு, அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாத. ஊருக்கு வந்ததும் அந்தப் பில்லை ஒங்க அம்மாட்டக் குடுத்துரு. எங்கிட்டக் குடுத்தா மூக்குப்பொடி மடிப்பேன், ஒங்கிட்ட இருந்தா தொலைஞ்சே போவும்.