பிள்ளை பெற்ற அப்பா

பிள்ளையைப் பெறுவது அம்மா. பிள்ளை பெற்ற கதையைப் பெறுவது அப்பா. முதலாவது ஒரு ராத்திரியோடு முடிந்துவிடும். இரண்டாவது வருஷா வருஷம், பிள்ளையின் பிறந்தநாளன்று, சாயங்காலம் விளக்கு வைத்தபின், வெட்டக் காத்திருக்கும் கேக்குக்கு முன்னால் நடக்கும். சுகப்பிரசவம் என்று சொல்ல முடியாது. வலி கேட்பவர்களுக்கு.

இந்த ரகத்து அப்பா இல்லாத தெரு கிடையாது. எங்கள் தெருவில் நாலாவது வீட்டில் இருக்கிறார். அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவு. மற்ற நாளெல்லாம் சாதுவான மனுஷர். காய்கறிக்காரரிடம் பேரம்கூடப் பேச மாட்டார். ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டால் அவர் முன்னால் தேதி எதையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. "வண்டிக்கு இன்சூரன்ஸ் அடுத்த புதன்கிழமை முடியுது" என்று நீங்கள் சும்மா சொல்லிவைத்தால், "அட, எங்க பாப்பா பிறந்ததும் ஒரு புதன்கிழமைதான். அன்னிக்குப் பாருங்க..." என்று ஆரம்பித்துவிடுவார். இன்சூரன்ஸ் முடிந்தாலும் முடியும், அது முடியாது.

பிறந்த கதைகளுக்கு ஓர் எழுதாத சட்டம் உண்டு. பளிச்சென்று வெயிலடிக்கும் நாளில், கையில் காசும் வாசலில் வண்டியும் இருக்கும்போது, எந்தப் பிள்ளையும் பிறக்கக் கூடாது. மழை வேண்டும், கரண்ட் போக வேண்டும், ஆட்டோ கிடைக்கக் கூடாது. நம்மவர் கதையில் முதல் பிறந்தநாளின்போது லேசான தூறல்தான் இருந்தது. மூன்றாவது வருஷம் அது கனமழை ஆயிற்று. ஏழாவது வருஷம் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. இப்போது இடுப்புக்கு வந்திருக்கிறது. பெண்ணுக்குக் கல்யாண வயது வரும்போது, மனுஷர் பரிசலில்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்.

இப்படிக் கஷ்டப்பட்டுத் தண்ணீரை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லாத கொடுத்துவைத்த அப்பாக்களும் இருக்கிறார்கள். 2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தபோது மனைவிக்கு வலி எடுத்தவர்கள், அதே வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி, வர்தா புயலில் சென்னையின் மரங்களெல்லாம் சாலையில் படுத்திருந்த அன்று பிள்ளை பெற்றவர்கள், 2020 ஊரடங்கில் இ-பாஸைக் காட்டிக் காட்டி மாவட்டம் தாண்டி மாமியார் ஊருக்குப் போய்ச் சேர்ந்தவர்கள். இவர்களுக்குக் கதை சொல்லும் திறமை தேவையில்லை, தேதியைச் சொன்னால் போதும், சபை கப்சிப். இவர்களைக் கண்டாலே நம்மவருக்கு உள்ளுக்குள் ஒரு காய்ச்சல் வரும்.

நாள் குறித்துப் பிள்ளை பெறும் இளைய தலைமுறை அப்பாக்களைப் பார்த்தாலோ இரக்கம் வரும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்வது இது: தமிழ்நாட்டில் நூறு பிரசவத்துக்கு ஏறத்தாழ 45 சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரியில் மட்டும் எடுத்தால் 64. அதில் சோசியரிடம் நல்ல நேரம் வாங்கிவந்து டாக்டரிடம் கொடுப்பவர்களும் உண்டு. "தட்கல் டிக்கெட் மாதிரி நேரம் பாத்து எடுத்த பிள்ளைக்கு என்னங்க கதை இருக்கு? வளர்ந்து கேட்டா என்ன சொல்லுவான் அவன்?" என்று வருத்தப்படுவார். கதைக்காகத்தான் பிள்ளை என்பது அவர் கட்சி.

இந்த வருஷம் எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பெண் பிளஸ் டூ படிக்கிறாள். கேக்கில் மெழுகுவத்தி ஏற்றியாயிற்று. தொண்டையைச் செருமினார்.

"ராத்திரி பதினொன்றரை. இவளுக்கு வலி கண்டுருச்சு. வெளிய பாத்தா கும்மிருட்டு. தீபாவளி முடிஞ்ச மூணாம் நாளு, ஒரு கடை திறந்திருக்கல. அவசரத்துல வெளிய ஓடுறேன்..."

"செருப்பு, அப்பா. செருப்பை விட்டுட்டீங்க" என்றாள் மகள். கூட்டத்தில் பாடம் முழுக்க மனப்பாடமாக இருப்பது அவளுக்குத்தான்.

"ஆங், செருப்பு! ஒரு கால்ல என்னோடது, ஒரு கால்ல எங்க மாமனாரோடது. இடுப்பளவு தண்ணி. ஆட்டோவைப் புடிச்சு..."

"மச்சான், ஆட்டோ புடிச்சாந்தது நானு" என்றார் மனைவியின் தம்பி.

"நீ புடிச்சப்பா, யாரு இல்லேன்னா? போவேனான்னு நின்ன ஆட்டோக்காரர்ட்டப் பேசுனது யாரு?"

"இடுப்பளவு தண்ணியில ஆட்டோ எப்படி மாப்ள ஓடுச்சு?" என்று மாமியார் கேட்டார். அவருக்கு இது உண்மையிலேயே பல வருஷச் சந்தேகம்.

"அதாங்க அத்தை, கதையே!" என்றார்.

கதையில் ஆட்டோவை விட்டு இறங்கினால் அடுத்த நிறுத்தம் குழந்தை அழும் சத்தம்தான். நடுவே நாலு மணி நேரம் இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் மூச்சு விட மாட்டார். அந்த இடைவெளியை அவர் மனைவி வருஷா வருஷம் ஒரே வாக்கியத்தில் நிரப்புவார்: "அவரு எதிர்த்தாப்புல டீக்கடையில இருந்தாரு."

இதில் தப்பு சொல்லவும் முடியாது. நம் ஊர்ப் பிரசவத்தில் ஆண்பிள்ளைக்கு என்ன வேலை? அரசு ஆஸ்பத்திரி என்றால் பிரசவ அறைக்குள் துணைக்கு இருக்க உறவுக்காரப் பெண் ஒருவரை விடுவார்கள். மாமியாருக்கு உள்ளே வேலை இருக்கிறது, நாத்தனாருக்கு இருக்கிறது. அப்பாவுக்கு, சீட்டு கொடுத்தால் மருந்துக் கடைக்கு ஓடுவது, பிளாஸ்கில் வெந்நீர் வாங்குவது, யாராவது வெளியே வந்தால் எழுந்து நிற்பது. அன்றைக்குச் செய்ய ஒன்றும் இல்லாத ஒரே ஆள் அவர்தான். அதற்கும் சேர்த்துத்தான் ஆயுசு முழுக்கப் பேசித் தீர்க்கிறார்.

"நாலு மணி ஆறு நிமிஷம். 'குவா'ன்னு ஒரு சத்தம்" என்றார் இவர்.

"நாலு பத்து" என்றார் மனைவி.

இந்த நாலு நிமிஷத்தில்தான் அந்தக் குடும்பத்தின் நிம்மதி தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டில் 4.10. அந்த நேரத்தை வைத்து ஜாதகம் எழுதினால் மூல நட்சத்திரம் பிறந்துவிடுகிறது. "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்று யாரோ எதுகை மோனைக்காகச் சொல்லிவைத்ததை நம்பி, மூல நட்சத்திரப் பெண் மாமனாருக்கு ஆகாது என்று சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்கும் ஊர் இது. இவர் கைக்கடிகாரத்தின் 4.06 என்றால் கேட்டை நட்சத்திரத்தின் கடைசி நிமிஷங்கள். கேட்டை மட்டும் என்ன வாழ்ந்தது, கணவனின் அண்ணனுக்கு ஆகாது என்பார்கள். "அது பரவால்ல. அண்ணன் இல்லாத மாப்பிள்ளையாப் பாத்துக்கலாம். அப்பன் இல்லாத மாப்பிள்ளைக்கு எங்க போறது?" என்பது இவர் வாதம். இந்தச் சாஸ்திரத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் நாளைக்கு வரப்போகும் சம்பந்திக்கு இருந்து தொலைத்தால்?

"உங்க வாட்ச் எப்பவும் நாலு நிமிஷம் ஸ்லோ. சரி, டீக்கடையில இருந்தவருக்குப் பிள்ளை அழுதது எப்படிக் கேட்டுச்சாம்?" என்றார் மனைவி.

"கேட்டுச்சு. ரோட்டைத் தாண்டிக் கேட்டுச்சு."

நட்சத்திரம் இன்னொரு வழியிலும் வேலை வைக்கும். பாட்டிக்கு ஆங்கிலத் தேதியெல்லாம் கணக்கில்லை. ஐப்பசியில் நட்சத்திரம் வரும் நாளில் கோயிலில் அர்ச்சனை செய்தால்தான் அது பிறந்தநாள். சந்திரன் ஒரு சுற்று சுற்றிவர 27 நாளுக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது. தமிழ் மாதத்துக்கோ 29 முதல் 32 நாள் வரை. அதனால் சில வருஷம் ஒரே மாதத்தில் நட்சத்திரம் இரண்டு தடவை தலைகாட்டிவிடும். இரண்டாவதாக வருவதைக் கொண்டாடுவதுதான் பொதுவான வழக்கம். நம்மவர் எதையும் வீணாக்க மாட்டார். அந்த வருஷங்களில் மூன்று தடவை மழை பெய்யும்.

இத்தனை பிடிவாதம் ஏன் என்று அவருடைய சொந்தப் பிறந்தநாளைக் கேட்டால்தான் விளங்கும். சான்றிதழில் ஜூன் 1. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர், வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டது. அஞ்சு வயசு ஆயிற்று என்று அன்றைக்குக் கணக்காக ஒரு தேதியைப் போட்டு எழுதிக்கொண்டார். அந்தத் தலைமுறையில் பாதி ஊருக்கு இப்படித்தான் பள்ளிக்கூடம் திறக்கும் காலத்தில் பிறந்தநாள் வந்தது. நிஜத்தில் எப்போது பிறந்தார் என்று அப்பாவிடம் கேட்டதற்கு, "பெருமழை பேஞ்ச வருசம். செவலைப் பசு கன்னு போட்டதுக்கு மறுவாரம்" என்றாராம். கன்று பிறந்த தேதியாவது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று விசாரித்திருக்கிறார். இல்லை.

அதில் இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. மாசத்தின் நடுவில் பிறந்த அரசு ஊழியர் அந்த மாசக் கடைசி நாளில் ஓய்வு பெறுவார். முதல் தேதியில் பிறந்தவருக்கோ முந்தின மாசக் கடைசி நாளே கடைசி. அதாவது இவருக்கு மே 31. "ரெண்டாந்தேதின்னு எழுதியிருந்தா வாத்தியாருக்கு என்ன குறைஞ்சு போச்சு? எனக்கு ஒரு மாசச் சம்பளம்ல போச்சு!" கணக்குப் பிரிவு ஆள் வேறு எதை நினைத்து வருத்தப்படுவார்?

அதனால்தான் மகள் விஷயத்தில் எதையும் யார் கையிலும் விடவில்லை. பிறப்பைப் பதிய 1969-ஆம் வருஷச் சட்டம் 21 நாள் அவகாசம் கொடுக்கிறது. ஆஸ்பத்திரியே தகவல் அனுப்பிவிடும். இருந்தும் இவர் மூன்றாம் நாளே நகராட்சி அலுவலகத்தில் போய் நின்றார். பெயர் வைத்தபிறகு வாங்க என்று திருப்பி அனுப்பினார்கள். பெயரைச் சேர்க்க ஒரு வருஷம்வரை கட்டணம் கிடையாது, ஆற அமர வரலாம் என்றும் சொன்னார்கள். அதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை. வாங்கிய சான்றிதழை லேமினேட் பண்ணி, பீரோவில் நகைப் பெட்டிக்கு மேலே வைத்திருக்கிறார். பூட்டு நகைக்காக மட்டும் இல்லை.

கேக்கில் மெழுகு வடிய ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு அம்மா சும்மா இருக்காமல், "ஏன் சார், அந்த நாலு மணி நேரமும் டீக்கடையிலயேவா இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டார். இவர் தட்டுகளை எண்ண ஆரம்பித்தார். பதில் மனைவியிடமிருந்து வந்தது.

"மூணு மணிக்குப் பிள்ளைக்கு நாடித்துடிப்பு குறையுதுன்னுட்டாங்க. உடனே ஆபரேசன், கையெழுத்துப் போடுங்கன்னு இவர்ட்ட தாளை நீட்டியிருக்காங்க. டிஸ்சார்ஜ் அன்னிக்கு அந்தத் தாளைப் பாத்தேன். இங்கிட்டு ஒரு கோடு, அங்கிட்டு ஒரு கோடு. அந்தக் கையெழுத்துல செக் போட்டா பேங்க்ல திருப்பி அனுப்பிருவான். அதைப் போட்டுட்டுத்தான் டீக்கடைக்குப் போயிருக்காரு. டீயும் குடிக்கலையாம், எங்கம்மா போய்ப் பாக்குறப்ப கிளாஸ் அப்படியே இருந்துச்சாம்."

"பேனா சரியில்ல. சிஸ்டர் குடுத்த பேனா" என்றார் இவர். அவசர அவசரமாகக் கதையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அது கெடக்கட்டும். சரியா நாலு மணி ஆறு நிமிஷம்..."

"பத்து!" என்றது வீடு மொத்தமும்.

"ஆறு" என்றாள் பிறந்தநாள்காரி, கேக்கில் கத்தியை இறக்கிக்கொண்டே.