முப்பது எக்ஸ்காரர்

சட்டைப்பையில் அடங்க வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது, எதிர்க்கரை மரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவையின் கண் தெரிய வேண்டும். இம்மூன்றும் ஒன்றாக அமைந்த டிஜிட்டல் கேமராவைத் தேடுபவரே முப்பது எக்ஸ்காரர். தேடுபவர்தான். வாங்கியவர் அதே ஆசாமியின் பிற்காலத் தோற்றம். அது கட்டுரையின் கடைசியில் வரும்.

சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில், முதல் தேதி சம்பளம் தவறாத வீடுகளில் இவர் அதிகம் காணப்படுவார். வங்கி, மின்வாரியம், கல்லூரி ஆகிய மூன்றும் இவருக்கு ஒத்துவரும் இடங்கள். பெண்களில் இந்த வகை அரிது. அவர்கள் ஒரு மாலைப்பொழுதில் கடைக்குப் போய் எதையாவது வாங்கிவிடுவதால், வகைக்குள் சேர்வதற்கே நேரம் கிடைப்பதில்லை.

எஸ்.எல்.ஆர். கேமராவை இவர் எப்போதோ தள்ளிவிட்டார். காரணம் கேட்டால், "அதைத் தூக்கிட்டு யார் சார் அலையறது?" என்பார். விலை பற்றிப் பேச்சே வராது. கைபேசியையும் தள்ளிவிட்டார். "அதுல ஒரு அளவுக்கு மேல டிஜிட்டல் ஜூம் சார். அதெல்லாம் கணக்குலயே சேராது." இதில் அவர் சொல்வது சரி. டிஜிட்டல் ஜூம், படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டும் வேலை. ஒளியியல் ஜூமில்தான் லென்ஸுக்குள் கண்ணாடிகள் நகர்ந்து உண்மையிலேயே தூரத்தைப் பக்கத்தில் கொண்டுவருகின்றன. முப்பது எக்ஸ்காரர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவரோடு பழகுவதில் உள்ள சிரமமே அதுதான்.

இந்த ஆசை பிறக்கும் இடம் பெரும்பாலும் வேடந்தாங்கல். பறவைகள் வந்திருக்கும் பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகிறார். கரையில் நின்று கைபேசியை நீட்டிப் படங்களாக எடுத்துத் தள்ளுகிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பச்சைத் திட்டு, அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள். மஞ்சள் மூக்கு நாரையா, கரண்டிவாயனா, கூழைக்கடாவா என்று வீட்டில் பட்டிமன்றம் நடக்கிறது. பிளாஸ்டிக் பை என்று தீர்ப்புச் சொல்லும் மாமியார்களும் உண்டு. அன்று பக்கத்தில் நின்ற மனிதரோ முழங்கை நீள லென்ஸை முக்காலியில் நிறுத்தி, நாரை தன் குஞ்சுக்கு மீன் ஊட்டுவதை அலகின் ஈரம் தெரிய எடுத்துக்கொண்டிருந்தார். அந்த லென்ஸின் விலையை விசாரித்த கணத்தில் ஒரு முப்பது எக்ஸ்காரர் உருவாகிறார். பள்ளிக்கரணைப் பூநாரைகள், ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் மேல்நிலைகள், பௌர்ணமி நிலா ஆகியவற்றுக்கும் இதே விளைவை உண்டாக்கும் ஆற்றல் உண்டு.

அடுத்த கட்டம் எண்களில் கழிகிறது. லென்ஸின் மிக நீண்ட குவியத்தூரத்தை மிகக் குறுகிய குவியத்தூரத்தால் வகுத்தால் வரும் ஈவுதான் எக்ஸ். 35 மி.மீ. ஃபிலிமுக்கு ஈடாகச் சொல்லும் கணக்கில் 24-இல் தொடங்கி 720-இல் முடிந்தால் 30 எக்ஸ். 35-இல் தொடங்கி 350-இல் முடிந்தால் 10 எக்ஸ். ஆக, அது இரு முனைகளின் விகிதம், எட்டும் தொலைவு அன்று. கண்ணுக்குத் தெரிவதைவிட 30 மடங்கு என்றும் அதற்குப் பொருளில்லை. 50 மி.மீ. பார்வையை இயல்பானதாகக் கொள்ளும் வழக்கப்படி, 720 மி.மீ. என்பது பதினான்கு மடங்குக்குச் சற்று மேல்தான். ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு இது தெரியாது. முற்றிய நிலையில் இருப்பவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சக ஊழியர்களுக்கு இதைப் படம் போட்டு விளக்குவார். விளக்கி முடித்த கையோடு, யாராவது புதுக் கேமராவின் பெயரைச் சொன்னால் அவர் வாயில் முதலில் வருவது "எத்தனை எக்ஸ்?"

இவ்வளவு நீளம் சட்டைப்பைக்குள் எப்படி அடங்குகிறது என்பதற்கு விடை சென்சாரில் இருக்கிறது. இந்த வகைக் கேமராக்களில் சென்சார் ஏறத்தாழ 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பழைய ஃபிலிம் சட்டகம் 36-க்கு 24 மி.மீ. பரப்பைக் கணக்கிட்டால் சென்சார் அதைவிட ஏறக்குறைய 30 மடங்கு சிறியது. இதுவும் முப்பதுதான், ஆனால் இந்த முப்பதைப் பெட்டியின்மேல் யாரும் அச்சிடுவதில்லை. சென்சார் சிறுத்தால் லென்ஸும் சிறுக்கலாம். 720 மி.மீ. என்று பெயர்பெற்ற சோனி எச்எக்ஸ்99-இன் உண்மையான குவியத்தூரம் வெறும் 123 மி.மீ.; அணைத்தால் மடங்கி உள்ளே போய்விடும்.

இதற்கான விலையை வெளிச்சத்தில் கட்ட வேண்டியிருக்கிறது. 40 எக்ஸ் கொண்ட கேனான் எஸ்எக்ஸ்740-இன் லென்ஸ் திறப்பு அகல முனையில் எஃப் 3.3, நீள முனையில் எஃப் 6.9. முழு ஜூமுக்குப் போனதும் உள்ளே வரும் ஒளி நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. வெயிலில் இதனால் பெரிய கேடில்லை. மேகம் கூடினாலோ மாலை மங்கினாலோ கேமரா ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்திறனை ஏற்றும், படத்தில் இரைச்சல் எனப்படும் புள்ளிகள் ஏறும், இரைச்சலைத் துடைக்கப்போன மென்பொருள் இறகையும் சேர்த்துத் துடைத்துவிடும். சென்சாரைப் பெரிதாக்கிப் பார்த்தவர்களும் உண்டு. 2016-இல் வந்த பானாசோனிக் டிஇசட்100-இல் அதன் பரப்பு நான்கு மடங்கு. ஜூம் 10 எக்ஸாகச் சுருங்கிற்று, விலை எகிறிற்று. முப்பது எக்ஸ்காரர் அதைப் பார்த்து, "பாவம், பத்துதான்" என்று இரக்கப்பட்டு நகர்ந்துவிடுவார். மறு திசையில் நிக்கான் பி1000 இருக்கிறது. 2018-இல் வந்தது, 125 எக்ஸ், 3000 மி.மீ. நிலாவை நோக்கி முழுதாக நீட்டினால் நிலா சட்டகத்துக்குள் அடங்காது. எடை 1.4 கிலோ. அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, எஸ்.எல்.ஆருக்குச் சொன்ன வாக்கியத்தையே சொல்லித் திருப்பிக் கொடுப்பார்.

உண்மையில் மலிவும் சிறிய உருவமும் நீண்ட ஜூமும் ஒன்றாகக் கிடைக்கத்தான் செய்தன. கிடைத்தபோது நான்காவதாக வெளிச்சம் விடுபட்டுப் போயிற்று. பகலில் எடுப்போம், பெரிய அச்சு போட வேண்டாம், இருட்டியபின் பையில் வைத்துவிடுவோம் என்று ஒப்புக்கொண்டவர்கள் அரை மணி நேரத்தில் கேமரா வாங்கிக்கொண்டு போனார்கள். முப்பது எக்ஸ்காரர் ஒப்புக்கொள்வதில்லை. அடுத்த மாடலில் அதையும் சரிசெய்துவிடுவார்கள் என்று அவர் நம்புகிறார்.

அந்த நம்பிக்கை ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. 2006-இல் பானாசோனிக் டிஇசட்1 பத்து எக்ஸோடு வந்தபோதே பையில் அடங்கும் கேமராவுக்கு அது சாதனை. 2009-இல் கேனான் எஸ்எக்ஸ்200-இல் 12, 2011-இல் எஸ்எக்ஸ்230-இல் 14, 2012-இல் எஸ்எக்ஸ்260-இல் 20. 2013-இல் சோனி எச்எக்ஸ்50வி 30-ஐத் தொட்டது. 2016-இல் கேனான் எஸ்எக்ஸ்720 நாற்பதைத் தொட்டது. ஒவ்வொரு முறையும், "நல்லவேளை, போன வருஷம் வாங்கல" என்று சொல்லிக்கொள்ள அவருக்கு நியாயம் இருந்தது. 2019 தொடக்கத்தில் டிஜிட்டல் கேமராவுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18-க்கு இறங்கியதையும் தாம் முன்பே எதிர்பார்த்ததாகச் சொல்லிக்கொள்வார். இறங்கிய பிறகு வாங்கினாரா என்று கேட்பது நாகரிகமன்று.

இவர் காத்திருந்த காலத்தில் சந்தையே கரைந்துவிட்டது. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கில் 2010-இல் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் ஆலையை விட்டு வெளியேறின. 2023-இல் அது 77 லட்சம். கைபேசி தின்றது போக மிஞ்சியதில் சிறிய ஜூம் கேமராக்களைப் புதுப்பிக்க நிறுவனங்களுக்கு ஆர்வமில்லை. பிறகு கல்லூரிப் பிள்ளைகள் பழைய கையடக்கக் கேமராவின் படங்கள்தாம் அழகு என்று கிளம்பினார்கள். விலை இறங்கட்டும் என்று காத்திருந்தவரின் கண்ணெதிரே, யாரோ பயன்படுத்திய பழைய மாடல்களின் விலை ஏறியது. 2025-இல் பானாசோனிக் டிஇசட்99 வந்தபோது ஆவலாய் ஓடிப் பார்த்தார். அதே 30 எக்ஸ், அதே 24 முதல் 720. முந்தைய மாடலில் இருந்த வ்யூஃபைண்டரை மட்டும் காணோம். "கண்ணு வச்சுப் பார்க்கற ஓட்டையை எடுத்துட்டான் சார். வெயில்ல ஸ்க்ரீன் எப்படித் தெரியும்?" இதுவும் சரியான கேள்விதான்.

கடைக்குப் போவது இவருக்குச் சடங்கு. சென்னைக்காரர் என்றால் பர்மா பஜாரில் தொடங்கி அண்ணா சாலையில் முடிப்பார்.

"சார், நாப்பது எக்ஸ். நிலாவுல பள்ளம் தெரியும் சார்."

"டெலி எண்டுல எஃப் நம்பர் எவ்வளவு தம்பி?"

தம்பி விலைச்சீட்டைத் திருப்பிப் பார்ப்பார். அதில் இருக்காது.

நிலாவைச் சொல்லி விற்கும் வழக்கத்தைக் குறை கூற முடியாது. 960 மி.மீ.யில் நிலா சட்டகத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறைக்கும். தவிர, நிலா வெயிலில் காயும் பொருள். இந்தக் கேமராக்களின் குறை அங்கே வெளியே தெரியாது. கடையில் நிலா இல்லாததால், எதிர்க்கடைப் பெயர்ப்பலகையின் கீழ் மூலையில் உள்ள தொலைபேசி எண்ணை ஜூம் செய்து படித்துக் காட்டுவார்கள். முப்பது எக்ஸ்காரர் அதைத் தம் கையால் ஒருமுறை செய்து பார்ப்பார். பில்லோடு எவ்வளவு, பில் இல்லாமல் எவ்வளவு என்று கேட்பார். உபரி பேட்டரி இலவசமா என்பார். "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று படியிறங்குவார். வீட்டில் கேட்க எதுவும் இல்லை என்பது கடைக்காரருக்கும் தெரியும். ஆனாலும் டீ வரவழைத்துக் கொடுத்திருப்பார்.

வீட்டுக் கணினியில் இவருக்கு ஓர் எக்செல் தாள் உண்டு. எடை, தடிமன், எஃப் எண், பேட்டரி தாங்கும் படங்கள், சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்று நெடுக்கைகள் நீளும். கடைசி நெடுக்கையின் தலைப்பு 'முடிவு'. அதன்கீழ் எல்லாக் கட்டங்களும் காலி. இந்தத் தாளின் பயன் பிறருக்கே. அலுவலகத்தில் கேமரா வாங்க நினைக்கும் எவரும் இவரிடம் வருவார். அவருடைய தேவையைப் பொறுமையாக விசாரித்து, ஐந்து நிமிடத்தில் மிகப் பொருத்தமான ஒன்றைச் சொல்லிவிடுவார். வந்தவர் சனிக்கிழமை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மீன்கொத்தியை எடுத்து, திங்கட்கிழமை வாட்ஸாப்பில் அனுப்புவார். "ஏங்க, உங்களைக் கேட்டவங்க எல்லாம் வாங்கிட்டாங்க" என்று வீட்டம்மா சொல்லும்போது, "அவங்களுக்கு அது போதும்மா" என்பது பதில்.

இந்த இனத்தில் உட்பிரிவுகள் உண்டு என்றாலும் பெரிய வேறுபாடில்லை. ஜூமைக் குறைத்துக்கொள்ளத் தயார் என்று சொல்லும் மிதவாதியும், இணையாகத் தொலைநோக்கியைத் தேடும் இருதாரக்காரரும் கடைசியில் அதே காத்திருப்புப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேமரா இவர் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் இவர் முடிவால் அன்று. சிங்கப்பூரிலிருந்து வரும் மச்சான், யாரையும் கேட்காமல் ஏதோ ஒன்றை வாங்கிவந்து, "இந்தாங்க மாமா, முப்பது எக்ஸாம்" என்று கையில் வைத்துவிடுகிறார். இவருடைய பட்டியலில் ஏழாவது இடத்தில் இருந்த மாடல். வாங்கி வைத்துக்கொண்டு ஒருவாரம் வருந்துகிறார். பிறகு கையேட்டை முழுதாகப் படிக்கிறார். உலகில் அதைச் செய்பவர்கள் வெகு சிலரே. முதல் படம் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. இரண்டாவது, அதன்மேல் உட்கார்ந்த காகம். 720 மி.மீ.யில் கை நடுக்கம் படத்தில் தெரியாமலிருக்க ஷட்டர் வேகம் நொடியில் 720-இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்ற பழைய விதியை நினைத்து மூச்சை அடக்குகிறார். கேமராவின் நடுக்கத் தடுப்பு அந்த விதியைத் தளர்த்தும் என்று தெரிந்தும் அடக்குகிறார். நண்பகலில் எடுத்தால் சூடேறிய காற்று அலைந்து படத்தைக் குழப்புகிறது. ஆகவே வேடந்தாங்கலுக்கு விடியுமுன் கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போடுகிறார். ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்று செருப்புப் பெட்டிகளிலிருந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேகரிக்கிறார்.

ஆனால் முதல் பெரிய சோதனை பறவையால் வருவதில்லை. மகளின் பள்ளி ஆண்டு விழாவில் வருகிறது. இடம் கடைசி வரிசை, மேடை 30 மீட்டர் தள்ளி, விளக்குகள் நீலமும் சிவப்புமாக மாறிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தூரத்தில் 24 மி.மீ. 45 மீட்டர் அகலத்தை உள்ளே எடுத்துக்கொள்ளும், 720 மி.மீ. எடுத்துக்கொள்வது ஒன்றரை மீட்டர். மேடையில் வரிசையாக மயில் வேடம் போட்ட சிறுமிகள், எல்லோர் முகத்திலும் ஒரே ஒப்பனை. அவர் ஒரு மயிலைச் சட்டகத்தில் பிடித்துவிடுகிறார். பாட்டு முடியும்வரை அதை விடவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவுமில்லை. ஐஎஸ்ஓ ஏறி இரைச்சல் இருந்தாலும், தோகையின் ஜிகினா வரை தெரிகிறது. வீட்டில் டிவியில் போட்டுப் பார்க்கும்போது மனைவி மெதுவாகச் சொல்கிறார்: "ஏங்க, இது நம்ம பாப்பா இல்லை. அவ வகுப்புப் பொண்ணு."

மறுநாள் அந்தக் குழந்தையின் பெற்றோரைக் கண்டுபிடித்து எல்லாப் படங்களையும் கொடுக்கிறார். அவர்களுக்கு ஏக மகிழ்ச்சி. அவர்கள் கைபேசியில் எடுத்திருந்த படத்தில் முழு மேடையும் இருக்கிறது. இடமிருந்து மூன்றாவதாக இவர் மகள் நிற்கிறாள். அதை வாங்கி, இவர் வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்கு அச்சுப் போடக் கொடுக்கிறார்கள்.