ரீலோட் ஆகாத பெருமை

ரௌட்டரில் 'ஷோ வெர்ஷன்' என்று தட்டினால் வரும் வரிகளில் ஒன்று, அந்தப் பெட்டி எத்தனை வருடம், எத்தனை வாரம், எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறது என்று சொல்லும். அப்டைம். 2000-களின் தொடக்கத்தில் சென்னையில் நான் சேர்ந்த நெட்வொர்க் பிரிவில் எங்கள் மார்க் ஷீட்டே அந்த ஒரு வரிதான். ஏதோ ஒரு கிளையின் ரௌட்டர் மூன்று வருடத்தைத் தாண்டியபோது மேலதிகாரி எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். மூன்று வருடமாக அதை யாரும் தொடவில்லை என்பதற்கு ஒரு பாராட்டு விழா. உள்ளே இருந்த பிழைகளும் அதே மூன்று வருடம் சௌக்கியமாக இருந்திருக்கின்றன என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. "ஓடுறதை ஏன்யா நோண்டுறே?" என்பதுதான் எழுதப்படாத விதி.

நோண்டியே ஆக வேண்டும் என்று வந்துவிட்டால் அது ஒரு ராத்திரி வேலை. ஒரு சின்னப் பிழைக்கும் மென்பொருள் முழுவதையும் மாற்ற வேண்டும். ஃபிளாஷ் நினைவகம் 8 எம்பி. புதிய மென்பொருளும் கிட்டத்தட்ட அதே அளவு. பழையதை அழித்தால்தான் புதியதற்கு இடம். அழிக்கும்போது திரை முழுக்க 'ஈ', 'ஈ' என்று ஆங்கில எழுத்து ஓடும். பிறகு நெட்வொர்க் வழியாக, டிஎஃப்டிபி-யில், கோப்பு வரத் தொடங்கியதும் வரிசையாக ஆச்சரியக்குறிகள். ஆச்சரியக்குறி என்றால் பாக்கெட் ஒழுங்காக வருகிறது; புள்ளி விழுந்தால் வரவில்லை. நாலு புள்ளி சேர்ந்தாற்போல் விழுந்தால் அறையில் யாரும் பேச மாட்டோம்.

அந்த இடைவெளியில் ரௌட்டர் ரேமில் இருக்கும் நகலை வைத்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறது. கரன்ட் போனால் திரும்ப எழ உள்ளே ஒன்றும் கிடையாது. அதனால் வேலையைத் தொடங்கும் முன் கிளை மேலாளருக்கு போன்.

"சார், இன்னிக்கு கரன்ட் இருக்குமா?"

"இருக்கும்னுதான் நினைக்கிறேன் தம்பி. யுபிஎஸ் பேட்டரிதான் கொஞ்சம் வீக்கு."

பேட்டரி கைவிட்டால் வெளிர்நீல கன்சோல் கேபிளையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு ஒருவர் விழுப்புரம் கிளைக்கு பஸ் ஏறுவார். ஹைப்பர்டெர்மினலைத் திறந்து, 9600 வேகத்தில், எக்ஸ்மோடம் வழியாக 8 எம்பியை ஊட்டினால் இரண்டரை மணி நேரம். பாதியில் அறுந்தால் முதலிலிருந்து. அந்த ஊர் டீக்கடைகளின் நேரம் எங்களுக்கு அத்துப்படி.

அப்டைம் மோகத்துக்கு முதல் அடி 497-ஆம் நாளில் விழுந்தது. கருவிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் எஸ்என்எம்பி-யில் அப்டைமை நொடியின் நூறில் ஒரு பங்காக, 32 பிட்டில் எண்ணுகிறார்கள். 497 நாளில் எண் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். கண்காணிப்புத் திரை அதைப் பார்த்து 'ரௌட்டர் ரீபூட் ஆகிவிட்டது' என்று அலறும். நள்ளிரவில் வாட்ச்மேனை எழுப்பினால், "லைட்டெல்லாம் எரியுதுங்களே" என்பார். ஒன்றும் ஆகாததற்கு ஒரு டிக்கெட் எழுதி, ஒன்றும் ஆகவில்லை என்று அதை மூடுவோம்.

2003 ஜூலையில் வந்தது நிஜமான அடி. நெறிமுறை எண் 53, 55, 77, 103 கொண்ட ஐபி பாக்கெட்டுகளைக் குறிப்பிட்ட விதத்தில் ரௌட்டருக்கே அனுப்பினால், அவை உள்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டு நகராது என்று ரௌட்டர் தயாரிப்பாளரான சிஸ்கோ அறிவித்தது. வழக்கமாக 75 பாக்கெட் கொள்ளும் அந்த வரிசை '76/75' என்று காட்டினால் அந்த இன்டர்ஃபேஸ் அவ்வளவுதான். அலாரம் கிடையாது, கிராஷ் கிடையாது, பேசாமல் நின்றுவிடும். மீட்க வழி, ரீலோட்: அதாவது ரௌட்டரை அணைத்து மறுபடி எழுப்புவது. எங்கள் தொழிலில் அந்த வாரம் உலகம் முழுக்க எத்தனை அப்டைம்கள் பூஜ்யமாயின என்று யாராவது எண்ணியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2017-இல் வந்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சிஸ்கோவின் ஏஎஸ்ஏ ஃபயர்வாலில் சில மென்பொருள் பதிப்புகள் 213 நாள் 12 மணி நேரம் தொடர்ந்து ஓடினால் டிராஃபிக்கைக் கடத்துவதை நிறுத்திவிடும். விடாமல் ஓடியதே குற்றம்! திருத்தம் கைக்கு வரும்வரை செய்ய வேண்டியது, கெடு முடியும் முன் ரீபூட் செய்வது. செய்தால் இன்னொரு 213 நாள் ஆயுள். மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தவர் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார், நல்லவேளை.

இன்றைக்கு எல்லாம் தலைகீழ். சிஸ்கோ 2008 முதல் மார்ச், செப்டம்பர் மாதங்களின் நான்காம் புதன்கிழமைகளில் தன் ரௌட்டர் மென்பொருளான ஐஓஎஸ்-இன் பாதுகாப்பு ஓட்டைகளை மொத்தமாக வெளியிடுகிறது. ஆடிட்காரர்களும் அதைப் படிக்கிறார்கள். அப்டைம் ஒரு வருடத்தைத் தாண்டினால் எங்கள் ஆடிட் அறிக்கையில் சிவப்பு. எங்கள் பிரிவில் ஒரு தம்பி ஸ்கிரிப்ட் எழுதி, டீ ஆறுவதற்குள் மொத்த ஸ்விட்சுகளுக்கும் புதிய மென்பொருளை அனுப்பிவிடுகிறான். ரீலோட் செய்ய மட்டும் அனுமதி வேண்டும். அதற்கு மூன்று வாரம். 'இதனால் சேவை பாதிக்கப்படுமா?' என்று படிவம் கேட்கும். ஆம் என்றால் ஒப்புதல் தள்ளிப்போகும். இல்லை என்றால், பிறகு எதற்கு இவ்வளவு ராத்திரியில் செய்கிறீர்கள் என்று கேள்வி வரும்.

ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை. திருத்தப் பதிப்பு வந்தவுடன் யாரும் போடுவதில்லை. அதில் என்ன புதுப் பிழை இருக்கிறது என்று அடுத்த கம்பெனிக்காரன் போட்டுச் சொல்லட்டும் என்று காத்திருப்போம். அடுத்த கம்பெனிக்காரன் நாங்கள் போடட்டும் என்று காத்திருப்பான்.

2023 அக்டோபரில் காத்திருக்க முடியவில்லை. சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்இ மென்பொருளின் வெப் பக்கம் வழியாக, பாஸ்வேர்டு எதுவும் தெரியாமலே யார் வேண்டுமானாலும் நிர்வாகக் கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம் என்று தெரியவந்தது. ஆபத்து மதிப்பு பத்துக்குப் பத்து. அறிவிப்பு 16-ஆம் தேதி. திருத்தம் வரத் தொடங்கியது 22-ஆம் தேதி. உள்ளே நுழைந்தவர்கள் வைத்துவிட்டுப் போன ரகசிய நிரல் ரீபூட் செய்தால் போய்விடும். உருவாக்கிய கணக்கு மட்டும் அப்படியே இருக்கும். ஸ்கிரிப்ட் எல்லாம் வந்த பிறகும் அந்த நிரலுக்கு மருந்து அதே ரீலோட்.

போன மாத ஆடிட்டில் சிவப்பில் முதலிடம், ஆறு வருடமாக அணையாத ஒரு ஸ்விட்ச். அதற்கு இனி திருத்தமே வராது, தயாரிப்பாளர் கைவிட்டாயிற்று. கழற்றிவிடலாம் என்றால் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பிங் செய்தால் பதில் வருகிறது. மூன்றாம் மாடி ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கலாம் என்று எலக்ட்ரீசியன் சொல்கிறார். மாற்றக் கோரிப் படிவம் போட்டேன். 'இடம்' என்ற கட்டம் நிரப்பப்படவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.